மாமியாருக்கு அனுப்பிய மரங்கள்

புகைப்படம் எடுக்கத் தெரியாதவனோடு குடும்பம் நடத்திவிடலாம். ஒரு படத்தில் தலையை வெட்டுவான், இன்னொன்றில் காலை வெட்டுவான், பொறுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் எடுத்த படத்தைத் திருத்தத் தெரியும் என்று நம்புகிறவன் இருக்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் ஒன்றில் அப்படிப்பட்ட ஒருவன் குடியிருந்தான். வயது முப்பது. மீசை உண்டு, அடக்கம் கிடையாது. (மீசை போய்விட்டது. அடக்கம் வந்ததா என்று என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.)

அப்போது நான் ஒரு மருந்துக் கம்பெனியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். படித்தது டிப்ளமா. மீதியெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. கார் ஓட்டுவது, சாம்பார் வைப்பது, புகைப்படம் எடுப்பது, எல்லாமே நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பழகியவை. "உங்க சாம்பார்லயே பக்க நம்பர் தெரியுது" என்பாள் கோமதி. கோமதி என் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருடம். அந்த செப்டம்பரில் அவளுக்கு ஏழாம் மாதம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். வளைகாப்பு போட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய், பிள்ளையோடு திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்கு அதில் ஒரு சிக்கல். கிரீன் கார்டு மனு நடுவழியில் நின்றிருந்தது. இந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே பெண்ணை அனுப்பவில்லை. அதனால் என்ன, பெண்ணைப் பெற்றவர் இங்கே வந்துவிடட்டுமே என்று நான் நினைத்தேன். பாஸ்போர்ட்டும் விசாவும் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்துத் தயாராகவே வைத்திருந்தார். எவ்வளவு சுலபம் பாருங்கள். மெஷினை எடுத்துப்போக முடியாவிட்டால் மெக்கானிக்கை வரச்சொல்கிற மாதிரி.

அத்தைக்கு மாயவரம் தந்தி ஆபீசில் வேலை. மாமா காலமாகி வெகுகாலம். பிறத்தியார் செய்தியைச் சுருக்கிச் சுருக்கிப் பழகியதாலோ என்னவோ, நேரில் பேசும்போதும் வார்த்தைக்கு வார்த்தை காசு என்கிற மாதிரிதான் பேசுவார். அவருக்கு டிரங்க் கால் போட்டு நான் சொன்ன முதல் வாக்கியம் இது:

"அத்தை, டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடணும்னு சொல்லிட்டீங்கன்னா வேலை முடிஞ்சுடும்."

இரைச்சலுக்கு நடுவில் அத்தை சொன்னார்: "நான் அங்க வந்து என்ன பண்றது மாப்பிள்ளை. அங்க மரம் மட்டை உண்டா, மனுஷங்க உண்டா."

போனை வைத்துவிட்டுக் கோமதியிடம் திரும்பினேன். "உங்கம்மாவுக்கு இங்க மரம் இல்லைன்னு நினைப்பு. அதான் வரத் தயங்கறாங்க."

கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா மரத்தைப் பத்தியா கேட்டாங்க?"

"பின்ன? என் காதால கேட்டேனே."

"சரி" என்றாள். அந்த 'சரி'க்கு எத்தனை அடுக்கு இருந்தது என்று பின்னால் தெரிந்தது. அன்று நான் மேல் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"நீயே ஒரு வார்த்தை வரச் சொல்லேன்" என்றேன்.

"நான் போன்ல அழுதா அம்மா வந்துடும். அப்படி வரவேண்டாம்." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே அடுப்பில் எதுவும் இல்லை. சும்மா நின்றாள். எனக்கு அது போதும். அம்மா வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஏக்கம் என்று புரிந்துவிட்டது. வழியும் தோன்றிவிட்டது. மரம்தானே? அனுப்பிவிடலாம்.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். அக்டோபர் தாளில் ஒரு மலை முழுக்கத் தீப்பிடித்தது போல் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அந்த மாதிரி நாலு படம், நடுவில் கோமதி. பார்த்ததும் அத்தை பெட்டி கட்டிவிடுவார். அந்தச் சனிக்கிழமை பக்கத்து பிளாக் நடராஜன் மெட்ராஸ் போகிறார். அவருக்கு மாயவரத்தில் அக்கா இருக்கிறார், நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். எல்லாம் கூடிவந்தது. மரங்கள் மட்டும் கூடிவரவில்லை.

அது செப்டம்பர் கடைசி. இலையுதிர்காலம் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்குப் போனோம். மரமெல்லாம் பச்சை. அங்கங்கே ஒரு கிளை மட்டும் மஞ்சள், தலைக்குச் சாயம் பூசும்போது பாதியில் டப்பா தீர்ந்துபோன மாதிரி. இருக்கிற மஞ்சளைத் தேடித் தேடி அதன் கீழே கோமதியை நிறுத்தினேன். வெள்ளை ஸ்வெட்டர், நீலப் புடவை, கான்வாஸ் ஷூ. பாவம், எல்லா மரத்தடிக்கும் நடந்தாள்.

"கொஞ்சம் இடதுபக்கம் தள்ளு. மரம் மறைக்குது."

"மரம் என்னை மறைக்குதா, நான் மரத்தை மறைக்கிறேனா?"

"நீதான்."

"ஏழு மாசம். மறைக்கத்தான் செய்யும்."

"சிரி."

"கால் வலிக்குதுங்க."

"வலிக்கட்டும், மூஞ்சில தெரியாம பாத்துக்கோ."

(இதை இன்று எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. அந்த ஆளை நேரில் கண்டால் நானே நாலு வார்த்தை கேட்பேன்.)

ஃபிலிமை மருந்துக்கடையில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். காலண்டர் எங்கே, இது எங்கே. பச்சைப் பசேல் என்று சாதாரண மரங்கள். மாயவரத்தில் காவிரிக்கரைக்குப் போனாலே இதைவிட நன்றாக இருக்கும். இதற்காக யாராவது விமானம் ஏறுவார்களா?

என்னோடு வேலை செய்த வால்டர் என்ற பெரியவர் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் கலர் டார்க்ரூம் வைத்திருந்தார். எனக்குக் கேமராவை விற்றவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெகட்டிவோடு போய் நின்றேன். "மரத்துக்கு மஞ்சள் கூட்டணும்" என்றேன்.

"இன்னும் பத்துப் பதினைந்து நாள் போனால் மரமே கூட்டிக்கொள்ளுமே" என்றார்.

"விமானம் நாளைக்கு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே படம் பெரிதாக்கும் மெஷினைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதில் நிறத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் திருகுகள். படத்தில் மஞ்சள் கூட வேண்டுமானால் மஞ்சள் திருகைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கூடும், கூட்டினால் குறையும். மாமியார் வீட்டு மரியாதை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தாளை ஒரு குழாய்க்குள் போட்டு, மருந்து ஊற்றி, உருட்டி, எடுத்துக் கழுவினால் படம்.

போகும்போது ஒன்று சொன்னார்: "ஈரத்தில் நிறத்தை நம்பாதே. காயட்டும், அப்புறம் பார்." சொல்லிவிட்டு மாடியில் பேஸ்பால் பார்க்கப் போய்விட்டார்.

கலர் படம் ஈரமாக இருக்கும்போது நீலம் பாரித்துத் தெரியும். காய்ந்தால்தான் உண்மை நிறம் வரும். அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். எனக்குக் காயவைக்கப் பொறுமை ஏது? முதல் படத்தை ஈரமாகவே தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் போதவில்லை. திருகைக் குறைத்தேன். இரண்டாவது, இன்னும் போதவில்லை. இன்னும் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் நீலம் எட்டிப்பார்க்க, ஒவ்வொரு தடவையும் நான் மஞ்சளை அள்ளிக் கொட்டினேன். கடைசியில் ஈரத்திலேயே இலையெல்லாம் தங்கமாக ஜொலிக்கிற படம் வந்தது. அதே அளவில் நாலு படம் போட்டு நிமிர்ந்தேன்.

வால்டர் இறங்கி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "துணிச்சலான வேலை" என்றார். அமெரிக்கர்கள் ஒன்றைப் பார்த்து 'துணிச்சல்' என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கோமதி படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "என்னங்க, நான் இப்படி இருக்கேன்?"

"எப்படி இருக்கே?"

"மஞ்ச பூசிக் குளிச்சுட்டுத் துடைக்காம வந்த மாதிரி. கண்ணெல்லாம் பாருங்க."

"அது சாயங்கால வெயில். மரத்தோட பொன்னிறம் உம்மேல அடிக்குது. அதுக்குப் பேரு கலை."

"நாம போனது மத்தியானம்."

கீழே நடராஜன் கார் ஹாரன் அடித்தது. கவரை ஒட்டினேன். உள்ளே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. படமே பேசும் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

படம் பேசியது. பத்து நாளில் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "உப்பு வேண்டாம். எண்ணெய் வேண்டாம். புறப்படுகிறேன். அம்மா." கீழே விமானம் வந்துசேரும் நாளும் நேரமும்.

கோமதி அதைப் படித்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்துவிட்டது. நான் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். "பாத்தியா? நாலே படம். மரத்தைப் பாத்ததும் மனசு மாறிடுச்சு."

"உப்பும் எண்ணெயும் எதுக்கு வேண்டாங்கறாங்க?"

"நாம வாங்கி வைக்க வேண்டாமாம். அவங்களே ஊர்லேர்ந்து கொண்டு வர்றாங்க போல." நான் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

நியூயார்க் விமான நிலையத்தில் அத்தை பட்டுப்புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஓவர்கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். என்னைக் கடந்து நேரே கோமதியிடம் போனார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நான் கேமராவைத் தூக்கினேன். அவர் பெண்ணின் கன்னத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கண். பிறகு நகம்.

"நாக்கை நீட்டு."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"நீட்டு."

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் மனைவி நாக்கை நீட்டினாள். பின்னால் டிராலியோடு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"யார் பாக்கறா?" என்றார் அத்தை என்னிடம்.

"எல்லாரும்தான் பாக்கறாங்க அத்தை."

"டாக்டரைக் கேக்கறேன். காமாலைக்கு."

கைப்பையிலிருந்து நான் அனுப்பிய படத்தை எடுத்தார். அன்று, விமான நிலையத்தின் வெள்ளை வெளிச்சத்தில்தான் நான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். மரம் தங்கமாக இருந்தது உண்மை. கோமதியும் தங்கமாக இருந்தாள். பல், நகம், கண் எல்லாம் கட்டி மஞ்சளில் செதுக்கின மாதிரி. மாயவரத்தில் இந்தப் படம் தந்தி ஆபீஸ் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கோமதியின் அண்ணன் அதை டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்ட, அவர் படத்தைப் பார்த்தே "முத்தின காமாலை" என்று சொல்லிவிட்டாராம். அத்தை கிள்ளிக்கொண்டு வந்த பச்சைக் கீழாநெல்லியை இங்கே சுங்க அதிகாரி பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "காய்ஞ்சது இருக்கு. அவன் கண்ணுல படலை" என்றார் அத்தை, நிதானமாக.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அழகான தரை.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தபோது அத்தை சொன்னார்: "மூணு வாரம்தான் லீவு. காமாலை தெளிஞ்சதும் கிளம்பணும்."

என் வாய் தானாக மூடிக்கொண்டது. பிரசவம் டிசம்பரில். காமாலையே இல்லை என்று இன்றைக்குச் சொன்னால் அத்தை அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். கோமதி மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் அசதியாத்தாம்மா இருக்கு."

அன்று ஆரம்பித்தது எங்கள் வீட்டுப் பத்தியம். காலையில் கீழாநெல்லிப் பொடி கலந்த மோர். மத்தியானம் உப்பில்லாத குழைந்த சாதம். ராத்திரி அதேதான், கொஞ்சம் கூடக் குழைந்து. "ஒட்டுவாரொட்டி", தொற்றிக்கொள்ளும் என்று எனக்கும் அதே இலை. என் மனைவிக்கு இல்லாத நோய்க்கு நானும் மருந்து சாப்பிட்டேன். ஆபீஸ் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வால்டர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் தோள் குலுங்கியதில் காபி சிந்திவிட்டது.

கோமதி மட்டும் முகம் சுளிக்கவில்லை. அம்மா ஊட்டாத குறையாகக் கொண்டுவந்து வைக்க, அந்த உப்பில்லாத கூழைக் கல்யாண விருந்து போலச் சாப்பிட்டாள். சாயங்காலம் ஆனால் அம்மா மடியில் காலை நீட்டிக்கொள்வாள். அவர் பேசாமல் பிடித்துவிடுவார். இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இன்னும் ஒரு மாதம் வேண்டுமானாலும் கீழாநெல்லி குடிக்கலாம் என்று தோன்றும்.

அக்டோபர் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, "படத்துல இருக்கிற இடம் எங்க" என்றார். ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே மரமெல்லாம் நிஜமாகவே மாறியிருந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். நான் பேஸ்மென்ட்டில் திருகின திருகெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. அத்தை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இங்க வாங்க."

போனேன். படத்தில் கோமதிக்குப் பின்னால், ஏரியில் ஒரு வாத்து இருந்தது. எடுத்தபோது நான் கவனிக்கவே இல்லை. எதிரே நிஜத் தண்ணீரிலும் நாலைந்து வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று.

"இந்த வாத்துக்குமா காமாலை?" என்றார்.

எனக்கு அந்த ஏரிக்குள் இறங்கி வாத்தோடு வாத்தாகப் போய்விடலாமா என்று இருந்தது. "அத்தை, அது வந்து... மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு. மரம் நல்லா இருக்கணும்னு..."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?" என்றாள் கோமதி.

"மாயவரத்திலயே. வாத்து மஞ்சள், ஸ்வெட்டர் மஞ்சள், பின்னாடி நிக்கற கார் மஞ்சள். ஊரே மஞ்சளா இருந்தா அது காமாலை இல்ல, படம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப ஏர்போர்ட்ல எதுக்கு நாக்கை நீட்டச் சொன்னே?"

"தெரிஞ்சாலும் கண்ணால பாக்காம இருக்க முடியுமாடி."

அதற்குப் பிறகு அத்தை பேசியதுதான் அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு. தந்தியாக அடித்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் ஆகியிருக்கும்.

"தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அனுப்பலை. சரி, ஏதோ பேப்பர் சிக்கல். அதுக்காக நானா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்க முடியுமா? சம்பந்தி வீட்ல கூப்பிடாம போகக்கூடாதுன்னு உங்க மச்சான் ஒத்தக்கால்ல நின்னான். நானும் போன் வந்தப்பல்லாம் பாத்தேன். 'வாங்க அத்தை'ன்னு ஒரு வார்த்தை. அது வரும்னு பாத்தேன். டிக்கெட் தேதி கேட்டீங்க. மரம் இருக்கான்னு ஒரு பேச்சுக்குக் கேட்டா, மரத்தை அனுப்பி வைக்கறீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "படத்துல இவ சிரிப்பைப் பாத்தேன். அது கால் வலிச்சுக்கிட்டுச் சிரிக்கற சிரிப்பு. அன்னிக்கே எனக்கு இருப்புக்கொள்ளலை. அதுக்குள்ள ஆபீஸ்ல எல்லாரும் காமாலைன்னாங்க. உங்க மச்சானும் பயந்துபோய் உடனே கிளம்புன்னான். நான் மறுத்துப் பேசலை. அவ்வளவுதான்."

"அப்புறம் உப்பில்லாம எதுக்கும்மா போட்டே, இத்தனை நாள்?"

"உங்கண்ணன் கேப்பான். பத்தியம் போட்டேன்னு சொல்லணும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாற, அத்தை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். நான் அங்கேயே, சருகுக்கு மேல் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"வாங்க அத்தை."

"வந்துட்டேனே" என்றார். "வீட்டுக்குப் போய் லீவை நீட்டிக்கத் தந்தி அடிக்கணும். அப்புறம் ஒரு வத்தக்குழம்பு வைக்கணும். எனக்கே நாக்கு செத்துப்போச்சு."

டிசம்பரில் நித்யா பிறந்தாள். அத்தை ஏப்ரல் வரை இருந்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், யார் எந்தப் படத்தைக் காட்டினாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: "வாத்து என்ன கலர்?" வரன் என்று வந்த போட்டோ, வீடு விற்பவன் காட்டிய போட்டோ, நான் உடற்பயிற்சி செய்ததாகச் சொன்ன நாட்கள், எதுவும் அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை.

நித்யா இப்போது கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு ஏழாம் மாதம். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். போனில் கோமதி எப்படி இருக்கிறாய் என்று கேட்க, "ஐ'ம் ஃபைன் அம்மா, டோன்ட் வொரி" என்றாள்.

"வாத்து என்ன கலர்?"

மெல்ல, "கைண்டா யெல்லோ, அம்மா" என்றாள்.

கோமதி போனை என் கையில் திணித்துவிட்டு அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கப் போய்விட்டாள். நான் என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் அங்கே போன் கைமாறியது. மாப்பிள்ளை பிரையன் டெக்சாஸ்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வாக்கியம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

"வாங்கோ அத்தே" என்றார்.

ஸ்பீக்கரைப் போட்டு, பெட்டிக்குள் தலையை விட்டிருந்தவள் பக்கம் போனை நீட்டினேன். "இன்னொரு தடவை சொல்லுங்க, மாப்பிள்ளை" என்றேன்.